கழுத்தின் இரண்டாம் எலும்பு

கொளஞ்சியப்பனின் காடாற்றுக்கு அன்று காலை உப்பனாற்றங்கரைச் சுடுகாட்டில் இருந்தவர்கள் நால்வர். இறந்தவரின் மூத்த அண்ணன் ராமாமிர்தம். பிள்ளையில்லாதவருக்குக் கொள்ளி வைத்த தங்கை மகன் ராஜவேல். சடங்கு செய்து வைக்க வந்த மணவாளன். இறந்தவரின் இரண்டாவது அண்ணன், காலஞ்சென்ற தங்கராசுவின் ஒரே மகள் இசைவாணி. இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. முதுநகர் டீக்கடைகளில் இன்று ‘நானும் பக்கத்துலதான் நின்னேன்’ என்று கதை சொல்கிறவர்களில் ஒருவர்கூட அன்று அந்தக் கரையில் கால் வைக்கவில்லை.

இந்தக் குடும்பத்துப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. இசைவாணி போனதற்குக் காரணம் இருந்தது. அனுமதி கொடுத்தவர் ராமாமிர்தம். தகப்பன் இல்லாத பெண்ணைத் தடய அறிவியல் படிக்க வைத்து, ஹேக் நகரத்தில் ஒரு சர்வதேசக் குற்ற விசாரணை மன்றத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தவர் கொளஞ்சியப்பன்தான். போரில் கொன்று குழிகளில் கும்பலாகப் புதைத்தவர்களின் எலும்புகளை ஆள்வாரியாகப் பிரித்து, இது இன்னார் என்று மன்றத்துக்குச் சொல்லும் பிரிவில் அவளுக்கு வேலை. சித்தப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடத்தான் விமானம் ஏறினாள். வந்து சேர்ந்தபோது சிதை பாதி அடங்கியிருந்தது. முகத்தைப் பார்க்காதவள் எலும்பையாவது பார்க்கட்டும் என்று பெரியவர் சொன்னார். அவர் சொன்ன பிறகு எதிர்த்துப் பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது.

மழை விட்டும் விடாமலும் இருந்தது. தண்ணீர் தெளித்த சாம்பல் உள்ளுக்குள் இன்னமும் சீறிக்கொண்டிருக்க, ஆற்றுச் சேற்றின் வாடையும் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கருவாட்டு வாடையும் எரிந்த வறட்டியின் கரிப்பும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள, மணவாளன் சொம்பிலிருந்த பாலை மெல்ல ஊற்றி, “குளுந்து போப்பா, குளுந்து போ” என்று முணுமுணுத்தபடியே குச்சியால் சாம்பலை விலக்கினார். காலிலிருந்து தலைக்குப் பொறுக்குவது முறை. ராமாமிர்தம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, இசைவாணி வாழையிலையில் வாங்கி வைத்தாள். அவளை அறியாமல் கை அவற்றை உடம்பு வரிசையில் அடுக்கியது.

ராஜவேல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான். “ஏ இசை, இதுக்கு அங்க சம்பளம் தர்றாங்களா?”

“சம்பளம் இல்ல மாமா. இன்டர்ன்தான.”

“அப்ப அங்கயும் ஓசிதானா. இதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்.”

“வாய மூடுடா,” என்றார் ராமாமிர்தம். ஆனால் அவர் மீசையும் லேசாக அசைந்தது. கொளஞ்சியப்பன் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

கழுத்துக்கு வந்தார்கள். அங்கே ஏழு எலும்புகளில் இரண்டாவது ஒன்று உண்டு. அதன் தலையில் விரல் நுனி போல ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். மனிதன் இடம் வலம் தலையைத் திருப்புவது அந்த முளையைச் சுற்றித்தான். தீயிலும் பெரும்பாலும் உருக்குலையாது. கை, கால், விலா எல்லாம் இரண்டிரண்டாகப் பிறக்க, இதுவோ ஒரு ஆளுக்கு ஒன்றே ஒன்று. அதனால்தான் ஹேக்கில் ஒரு குழியைத் திறந்தவுடன் முதலில் தேடுவது இப்படிப்பட்ட எலும்பை. ஒன்று கிடைத்தால் ஒருவர். இரண்டு கிடைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை, இருவர்.

இசைவாணி அதை இலையில் வைத்தாள். மணவாளனின் குச்சி அதே இடத்தில் இன்னொன்றைப் புரட்டிப் போட்டது.

முளை. வளையம். சின்னதாக, மெலிந்து, சாம்பல் பூசி.

அவள் அதைக் கையில் எடுக்காமல் குனிந்தே இருந்தாள். மழைத்துளி ஒன்று அதன்மேல் விழுந்து ஆவியாகாமல் உருண்டு இறங்கியது.

“ரெண்டு இருக்கு, பெரியப்பா.”

“ரெண்டு இருந்தா ரெண்டையும் போடு. எண்ணிப் பாக்கவா வந்தோம்?”

“ஒரு ஆளுக்கு ஒன்னுதான் இருக்கும்.”

மணவாளன் நிமிர்ந்தார். “இதே மேடையில முன்னாடி யாரையாவது வச்சிருப்பாங்கம்மா. வழிச்சு அள்ளுறப்ப தங்கியிருக்கும். நாங்க பாக்காததா.”

நியாயமான பேச்சு. அவளும் அதைத்தான் நம்ப விரும்பினாள். ஆனால் பழைய எலும்பு மறுபடி தீயில் விழுந்தால் உலர்ந்த விறகைப் போல நேராக வெடிக்கும். சதை ஒட்டியிருக்கும்போது எரிந்த எலும்பில்தான் சதை சுருங்கி இழுத்த இழுப்பில் பிறை பிறையாக விரிசல் விழும். இதில் பிறைகள் இருந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக, மீன் செதிள் போல.

ராமாமிர்தம் அவள் முகத்தைப் பார்த்தார். “இங்க பாரு. என் தம்பி சிதையில என் தம்பி மட்டுந்தான் எரிஞ்சான். கடைசி வறட்டி வைக்கிற வரைக்கும் நான் நின்னு பாத்தேன். வெளிய போயி வேற மாதிரி பேச்சு வரக் கூடாது. நம்ம வூட்டுக்கு ஒரு பேரு இருக்கு.”

இரண்டும் கலயத்துக்குள் போயின. வாயைப் புதுத்துணியால் கட்டினார்கள்.

அன்றே தேவனாம்பட்டினம் கடலில் கரைத்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் அதற்குள் துறைமுகத்தில் புயல் கூண்டை ஏற்றிவிட்டார்கள். கடற்கரைக்குப் போகும் சாலையைப் போலீஸ் மறித்து நின்றது. கரைக்காத எலும்பு வாசற்படி தாண்டக் கூடாது. ஆகவே கலயத்தைக் கொல்லைச் சுவருக்கு வெளியே பூவரச மரத்தில் உறியைப் போலக் கட்டித் தொங்கவிட்டு, எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

இசைவாணியின் தலையில் தண்ணீர் ஊற்றியவள் அவள் தாய் லோகநாயகி. சிதம்பரத்தில் அரசுப் பள்ளிக் கணக்கு டீச்சர். கணவர் போன பிறகு இந்தக் குடும்பத்துக்கு ஒரு சொல் வராமல் இருபது வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவள். ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததிலிருந்து கழுத்து வலி. பேசும்போது தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்துக்கொள்வாள்.

“அந்த ஊருலயும் எலும்பு. இங்க வந்தும் எலும்பு. நல்லாத் தேச்சு ஊத்திக்கடி.”

“அம்மா, நம்ம சொந்தத்துல யாராச்சும் காணாம போயிருக்காங்களா?”

“கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போனா பாதிப் பேரு காணாமதான் போயிடுறாங்க,” என்று சிரித்தாள் லோகநாயகி. பிறகு மகளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் வானம் இறங்கி வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. மின்சாரம் போய்விட்டது. துக்க வீட்டின் களைப்பில் அவரவர் கிடைத்த இடத்தில் படுத்துவிட, ஓட்டில் விழும் மழை, தாழ்வாரத்தில் வழியும் மழை, அண்டாவில் சொட்டும் மழை என்று தனித்தனியாகக் காதில் விழுந்த ஓசைகளுக்கு நடுவே, எதனோடும் சேராத ஒரு சின்னச் சத்தத்தை இசைவாணி கேட்டாள். கொடக். கொஞ்சம் பொறுத்து, கொடக். மண்கலத்துக்குள் ஏதோ புரள்கிற சத்தம். காற்றுக்குக் கலயம் ஆடுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னல் வழியே பார்த்தாள். பூவரசின் இலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தன. கலயம் ஆடவில்லை.

யாரோ ஒருவர் சித்தப்பாவோடு எரிந்திருக்கிறார். நாளையோ மறுநாளோ கூண்டை இறக்கினால் அவரும் கடலில் கரைந்துவிடுவார். அதன் பிறகு அவரைத் தேடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல உலகத்தில் எதுவும் மிச்சமிருக்காது. ஹேக்கில் அவள் தினமும் பார்த்தது அப்படித் தேடுகிறவர்களைத்தான்; மகனின் சட்டைப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு நடைவழியில் காத்திருக்கும் தாய்மார்களை. சாட்சியைக் கரைக்க விடக் கூடாது. அவ்வளவுதான் அப்போது அவள் நினைத்தது. குடையில்லாமல் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போனாள். துணியைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டாள். தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அது இருந்தது.

உள்ளே கொண்டுவந்தாள். வாசற்படி தாண்டி.

மாடி அறையில் ஜன்னலோரம் வெள்ளைக் காகிதம் விரித்து, மெல்லிய தூரிகையால் சாம்பலைத் துடைத்தாள். முளை நேராக இல்லை. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நுனி இரண்டாகப் பிளந்து, நடுவில் நகக்கீறல் போல ஒரு பள்ளம்.

தூரிகை நின்றது.

அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். அந்தப் பள்ளமும் தெரியும். ஸ்கூட்டியிலிருந்து விழுந்தபோது வாயைத் திறக்கச் சொல்லி எடுத்த எக்ஸ்ரேயில், டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டி, “இது அடிபட்டதில்ல, பொறப்புலயே இப்படி, கோடியில ஒருத்தருக்கு இருக்கும்” என்று சொன்னார். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துத்தான் அவள் எலும்பைப் படிக்கவே ஆரம்பித்தாள். பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது எழுதிய கட்டுரையின் முதல் வரியே அதுதான்: நான் படித்த முதல் எலும்பு என் அம்மாவின் கழுத்தில் இருக்கிறது.

ஃபோனில் அந்தப் படம் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாய்வு பொருந்தியது. பள்ளம் பொருந்தியது. வளையத்தின் இடப்பக்கச் சிறு மேடு பொருந்தியது. பொருந்தாத ஒன்றுக்காகத் தேடினாள். கிடைக்கவில்லை.

கீழே அம்மிக்கல் உருண்டது. அம்மா மிளகு நசுக்கிக்கொண்டிருந்தாள். உயிரோடு, வளையல் சத்தத்தோடு.

அப்போது இசைவாணி செய்தது பழக்கத்தால் செய்தது. குழம்பிப் போனால் கை பழகிய வேலையைச் செய்யும். பையிலிருந்த சாட்சி உறையில் எலும்பை இட்டு, வாயை ஒட்டி, மேலிருந்த சீட்டை நிரப்பினாள். இடம் எழுதினாள். பொருள் எழுதினாள். அடுத்த கோடு பெயருக்கானது. அதை நிரப்பவே கூடாது. எண் மட்டும்தான் போட வேண்டும். பெயர் எழுதும் வரை அவர் காணாமல் போனவர், எழுதிய பிறகுதான் இறந்தவர் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி நாளிலிருந்து எந்தப் படிவத்திலும் தன் பெயருக்கு அடுத்த கோட்டில், பெற்றோர் பெயருக்கான இடத்தில், எழுதிப் பழகிய பெயர் ஒன்றுதான். அழியாத மையில் எழுதிவிட்டாள்.

லோகநாயகி.

கீழே அம்மிக்கல் நின்றது.

“ஏண்டி,” என்றது அம்மாவின் குரல். “கூப்பிட்டியா?”

அவள் கூப்பிட்டிருக்கவில்லை. விரலால் பெயரைத் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. மாடிப்படியில் காலடி ஏறி வந்தது. உறையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லோகநாயகி வாசலில் வந்து நின்று மூக்கைச் சுளித்தாள். “என்னாடி இங்க வறட்டி வாட?” பிறகு கையைப் பிடரியில் வைத்து, ஆச்சரியத்தோடு சிரித்தாள். “கழுத்து வலி போயிடுச்சுடி. திடீர்னு. இருக்குற எடமே தெரியல, அவ்ளோ லேசா இருக்கு.”

சொல்லிவிட்டுத் திரும்பினாள். உடம்பு திரும்பியது. தலை ஒரு கணம் மகளைப் பார்த்தபடியே இருந்துவிட்டு, பிறகு மெதுவாகத் திரும்பிப் போய் உடம்போடு சேர்ந்துகொண்டது.

கூண்டை இறக்கிய காலையில் கலயத்தைக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார்கள். லோகநாயகியும் வந்தாள், வழக்கப்படி காரோடு நின்றுகொண்டாள். மற்றவர்கள் மணலில் இறங்கினார்கள். புயலுக்குப் பிறகான கடல் காப்பித் தூள் நிறத்தில், முறிந்த கிளைகளையும் செருப்புகளையும் சுருட்டிக்கொண்டு வந்து கரையில் எறிந்துகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ராமாமிர்தம் துணியை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒன்னு கொறையுது.”

“ஒடஞ்சிருக்கும் பெரியப்பா.”

“ஒடஞ்சா துண்டு இருக்கும்.” அவர் அவள் பக்கம் திரும்பாமல் பேசினார். “எரிஞ்சது கரையணும்மா. கரையலன்னா அது நடுவுல நிக்கும். அங்கயும் போவாது, இங்கயும் இருக்காது. யாரோடதா வேணா இருக்கட்டும். பாவம், உட்டுடு.”

உறை அவள் கைக்குள்தான் இருந்தது. யாரோ ஒருவருடையதாக இருந்திருந்தால் அந்தச் சொல்லுக்காவது கொடுத்திருப்பாள். அவள் அலைக்குள் கையை இறக்கினாள். வெறும் பயமாக இருக்கலாம். தூக்கமில்லாத கண்ணின் கோளாறாக இருக்கலாம். கடல் தொட்டால் தெரிந்துவிடும். விரல்களைத் தளர்த்தினாள். அலை உறையைப் பிடித்து இழுத்தது.

கரையில் காருக்குப் பக்கத்தில் நின்ற லோகநாயகியின் தலை தோளில் விழுந்தது.

தூங்கி விழுவது போல அல்ல. கொம்பிலிருந்து காய் விழுவது போல. உடம்பு நின்றது. தலை மட்டும் தோளில் கிடந்தது, கண் திறந்தபடி.

இசைவாணி இறுக்கிப் பிடித்தாள். நகம் உள்ளங்கையில் பதிந்தது. கரையில் தலை மெதுவாக எழுந்து நேரானது. லோகநாயகி இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள், சீக்கிரம் வாங்க என்பது போல.

“கரச்சிட்டியா?” என்றார் ராமாமிர்தம்.

“கரச்சிட்டேன்,” என்றாள் இசைவாணி. பெரியவர்களிடம் அவள் நேராகச் சொன்ன முதல் பொய் அது.

அன்று மாலையே தாயை அழைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் முக்கூட்டு ரோடு என்று இருட்டிக்கொண்டு வந்த சாலையெங்கும் வயல் தெரியாமல் தண்ணீர் நின்றது. கண்ணாடியெல்லாம் பனி பிடித்து, அம்மா சாய்ந்திருந்த கண்ணாடி மட்டும் காய்ந்து தெளிவாக இருந்தது. நனைந்த சேலை உடம்பிலேயே உலர்ந்தது. கண்டக்டர் சீட்டுக் கம்பியில் கை வைத்து எடுத்துக்கொண்டு, “அம்மாவுக்குக் காய்ச்சல் ஜாஸ்தியா இருக்கு போலியே” என்றார். லோகநாயகியின் கூந்தலும் நனைந்திருந்தது. ஈர வாடை வரவில்லை. நெய் வாசனை வந்தது. எரிகிற நெய்.

“பால் வாங்கிக் குடுடி,” என்றாள். “உள்ள காந்துது.”

வாங்கிக் கொடுத்தாள். குடித்தாள். மறுபடி கேட்டாள்.

சிதம்பரத்தில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டர். எக்ஸ்ரே எடுக்கிறவன் இளைஞன், மரியாதையான பையன். வாயைத் திறக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தான். தலைமாட்டைச் சரி செய்து இன்னொன்று எடுத்தான். மேலும் ஒன்று. பிறகு இசைவாணியைத் தனியாக உள்ளே கூப்பிட்டான்.

“மெஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன் மேடம்.”

திரையில் மண்டையோடு இருந்தது. அதன் கீழே முதல் வளையம். மூன்றாம் எலும்பு. அதற்குக் கீழே வரிசையாக மற்றவை. நடுவில் கறுப்பு.

“ரெண்டாவது எங்க?” என்றாள், தெரிந்தே.

பையன் கதவின் இடுக்கு வழியே வெளியே பார்த்தான். “அவுங்க எப்படி மேடம் நிமிந்து உக்காந்திருக்காங்க?”

லோகநாயகி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தாடைக்குக் கீழே கொடுத்து, தலையைத் தானே ஏந்தியபடி. ஸ்டுடியோவில் படத்துக்கு உட்காருகிற பெண்ணைப் போல. இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று அவன் ஓடினான். திரும்பி வரும்போது அவர்கள் இல்லை.

அதன் பிறகு வீடு. கதவு சாத்தியிருந்தது. அம்மாவின் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். பால்காரரிடம் கூடுதலாகச் சொன்னாள். ஹேக்கிலிருந்து கடிதம் வந்தது, எப்போது திரும்புகிறாய் என்று. படித்தாள். பதில் எழுதவில்லை. இரண்டு கைகளும் வேலையில் இருந்தன.

லோகநாயகியின் கை தளர்ந்துபோயிருந்தது. இப்போது தலையை மகள்தான் பிடித்துக்கொள்கிறாள். காதுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும். தூங்கும்போது தலையணைகளை அடைத்து வைக்கலாம். விழித்திருக்கும்போது முடியாது. கை சுடுகிறது. துணி சுற்றிக்கொள்கிறாள். துணியும் கருகுகிறது. மாற்றிக்கொள்கிறாள்.

அம்மா ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். “எனக்கு என்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியும்தான?”

“ஒன்னும் ஆவலம்மா.”

“கணக்கு டீச்சர்கிட்ட பொய் சொல்றியா.” ஜன்னலில் அடிக்கும் மழைப் பக்கம் கண்ணை மட்டும் திருப்பினாள். “சரி. புடிச்சுக்க. புடிச்சுக்கறதா இருந்தா நல்லாப் புடிச்சுக்க.”

அவள் பிடித்துக்கொண்டாள். உறை அவள் மார்போடு கட்டியிருந்தது. அவிழ்த்துக் கொள்ளிடத்தில் எறிந்துவிட்டு வர ஒரு மணி நேரம் போதும். எறிந்தால் அம்மா இல்லை. எறியாவிட்டால் அம்மா எரிகிறாள். இதைத் தவிர அவள் வேறெதையும் நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நினைத்துவிட்டு, கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

ராமாமிர்தம் வந்தார். ஊரில் பேச்சு கிளம்பிய பிறகு, சொல்லாமல் வந்தார். கதவைத் தட்டவில்லை, தள்ளினார். கூடத்தில் இருட்டு. ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் லோகநாயகி. பின்னால் நின்றபடி இசைவாணி.

“குடுத்துடும்மா.”

“குடுத்தா அம்மா போயிடும் பெரியப்பா.”

“போனவதாண்டி.”

“பேசுது பெரியப்பா. நல்லாப் பேசுது.”

அவர் ஒரு அடி வைத்தார். தரை சுட்டது. செருப்பில்லாத கால். நின்றுவிட்டார்.

வந்தவரை முகம் பார்த்து வரவேற்காமல் இந்தக் குடும்பத்து மருமகள் ஒருநாளும் இருந்ததில்லை. இசைவாணிக்கு அது தெரியும். உள்ளங்கைகளுக்கு நடுவில் தாயின் தலை திரும்பப் பார்ப்பதை உணர்ந்தாள். முடியாமல் துடிப்பதை உணர்ந்தாள். ஆகவே அவளே திருப்பினாள். மெதுவாக. தோளைத் தாண்டி. முதுகைத் தாண்டி. தடுக்க உள்ளே எதுவும் இல்லை.

முகம் அவருக்கு நேராக வந்து நின்றது. உடம்பு ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தது.

“வாங்க மாமா,” என்றாள் லோகநாயகி. “உக்காருங்க.”

வாய் திறந்தபோது உள்ளே, நாக்குக்குப் பின்னால், ஊதிவிட்ட கனல் போல ஒரு செம்மை கனிந்து அடங்கியது.

லோகநாயகி இறந்துவிட்டதாகவும், மகள் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் மறைப்பதாகவும் முதுநகரிலும் சிதம்பரத்திலும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. லோகநாயகி இறக்கவில்லை.